இருபத்தேழின் மேல் ஒரு வட்டம்

கவச வண்டித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க எங்கள் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரியின் நற்பெயரால் கிடைத்தது என்று முதல்வர் சொன்னார். தன்னுடைய விடாமுயற்சியால் கிடைத்தது என்று பேராசிரியர் சொன்னார். இரண்டு பேருமே கூச்சப்படாமல் சொன்னார்கள். உண்மையில் அது என் சித்தியால் கிடைத்தது. அம்மாவின் தங்கை. அங்கே வெல்டிங் இன்ஸ்பெக்டர். "நாற்பது மாணவர்கள் ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்புவார்கள், அதற்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நாற்பதில் நானும் ஒருவன் என்று அவருக்குத் தெரியும். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். சேர்ந்து இரண்டரை வருடத்தில் எங்கள் வகுப்பு முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. இரு தரப்புக்கும் ஏமாற்றம்தான். பிறகு ஆளுக்கொரு வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார்கள். நான் திரும்பினால் என்னுடையது திரும்பாது.

உள்ளே போனதும் முதலில் சத்தம் வந்தது, பிறகு கருகிய வாசனை, அதற்கப்புறம்தான் வண்டிகள். சக்கரம் மாட்டாமல், பெயின்ட் அடிக்காமல், இரும்புத் தாங்கிகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. படங்களில் வருவதுபோல மிடுக்காக இல்லை. குளிக்கப் போகும்முன் இடுப்பில் துண்டோடு நிற்கும் பெரியப்பாக்களைப் போல இருந்தன.

சித்தி முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்தால் "சாப்பிட்டியாடா?" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்கத் தெரியாதவர், இங்கே ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் பூதக்கண்ணாடியுமாக ஆளே மாறியிருந்தார்.

"யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டா சுடும். சுடலேன்னா வெட்டும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "மேடம், இது லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"வாங்கப் போறீங்களா சார்?"

"இல்ல, ஒரு பொது அறிவுக்காக."

"ரொம்பக் கம்மியா குடுக்கும் சார்."

அந்த வண்டியின் மேல் பேராசிரியருக்கு இருந்த மரியாதை அதோடு போயிற்று.

நாலாம் நம்பர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சித்தி ஏதோ முக்கியமான விதியை விளக்க ஆரம்பித்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். என் மூக்குக்கு நேராக வண்டியின் பக்கவாட்டுத் தகடு. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் மீன் செதிலை அடுக்கிவைத்தது போல நீளமாக ஒரு வெல்டிங். அதன் ஓரத்தில் கடுகளவு இரும்புப் பொட்டு ஒன்று தெறித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அது எனக்கு ஒரு மூக்காகத் தெரிந்தது. மூக்கு என்று இருந்தால் அதற்கு ஒரு முகம் வேண்டாமா? பக்கத்து ஸ்டூலில் மஞ்சள் சாக்பீஸ் ஒன்று கிடந்தது. எடுத்து, மூக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். நல்ல வட்டம். இடது கண்ணை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது சித்தி, "வாங்க, அடுத்தது" என்று கிளம்பிவிட்டார். சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானும் நகர்ந்தேன்.

ஒரே ஒரு கண் போட நேரம் கிடைத்திருந்தால் அது விளையாட்டு என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும். வெறும் வட்டமாக நின்றுவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, நாலாம் நம்பர் வண்டியைத் தண்ணீர்ச் சோதனைக்குக் கொண்டுபோவதைப் பார்க்க எங்களை ஓரமாக நிறுத்தினார்கள். நான்கு பக்கமும் மழை மாதிரி தண்ணீர் அடித்து, உள்ளே சொட்டுகிறதா என்று பார்ப்பார்களாம். கிரேனின் கொக்கி மெதுவாக இறங்கி வந்தது. பாதியில் நின்றது.

"மேடம்!" என்று மேலேயிருந்து கிரேன்காரர் கத்தினார். "வட்டம் இருக்கு! நான் தூக்க மாட்டேன்!"

"இதுல ஏது வட்டம்?" சித்தி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "நான் போடலையே. நேத்து சாயங்கால ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் போட்டிருப்பாரோ? இருபத்தேழாம் நம்பர் வெல்டரோட ஜாயின்ட்... ஐயோ, அவரா? அவரைக் கூப்பிடுங்க."

எங்கள் வகுப்பில் ஒருவனுக்குக் குறிப்பு என்று பெயர். பேராசிரியர் தும்மினாலும் நோட்டில் எழுதிக்கொள்வான். அவன் காதில், "என்னடா வட்டம்? எதுக்கு இவ்வளவு கலாட்டா?" என்றேன்.

"அப்பவே சொன்னாங்களே. நீ எங்க இருந்த?" நோட்டைத் திருப்பி வாசித்தான். "மஞ்சள் சாக்பீஸ் இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான். வட்டம் போட்டா அந்த ஜாயின்ட்ல விரிசல்னு சந்தேகம். சோதிச்சுப் பார்க்காம யாரும் அழிக்கக் கூடாது, மேனேஜரே ஆனாலும். வெல்டிங் பண்ணினவரோட நம்பர் பக்கத்துலயே குத்தியிருக்கும். ஒரே மாசத்துல மூணாவது வட்டம் விழுந்தா, அந்த வெல்டர் நெஞ்சில மாட்டியிருக்கிற அனுமதி அட்டையை அந்த இடத்துலயே கழட்டிக் குடுத்துடணும். சோதனையில நல்லாருந்தா அட்டை திரும்பி வரும். இல்லேன்னா ஆறு மாசத்துக்கு இந்தத் தகட்டுல கை வைக்க முடியாது. தள்ளுவண்டி ரிப்பேர் செக்ஷன்."

"திரும்பி வருமா?"

"அதையும் கேட்டேன். இதுவரைக்கும் யாருக்கும் திரும்பி வந்ததில்லையாம். இங்க இன்ஸ்பெக்டருங்க சும்மா வட்டம் போட மாட்டாங்களாம்."

என் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸ் திடீரென்று ஒரு கிலோ கனத்தது.

இருபத்தேழு வந்தார். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். தோல் கையுறை, தீப்பொறி பட்டு ஓட்டை ஓட்டையான சட்டை, நெஞ்சில் பச்சை நிற அட்டை. அந்தக் கொட்டகையில் கீறல் விழாத பொருள் என்று பார்த்தால் அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி ஒன்றுதான்.

"எந்த இடம் மேடம்?"

"இங்கண்ணே. நான் போடல. நானும் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல."

அவர் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார். வட்டத்தை விட்டுவிட்டு அதற்கு ஒரு சாண் முன்னாலிருந்து வெல்டிங்கை விரலால் தடவிக்கொண்டே வந்து, வட்டத்துக்குள் நிறுத்தினார்.

"ஆமா," என்றார். "இருக்கும்."

"என்ன இருக்கும்?"

"சாயங்கால ஷிஃப்ட்காரர் கண்ணு லேசுப்பட்டதா? அன்னிக்கு இந்த இடத்துல கை ஒரு நிமிஷம் தயங்குச்சு மேடம். தயங்கின மாதிரிதான் ஞாபகம்."

இதற்குள் ஷாப் மேனேஜர் வந்துவிட்டார். எந்த வேலையானாலும் பன்னிரண்டு மணிக்குள் முடியவேண்டும் என்பவர். அதனால் அவர் பெயர் பன்னெண்டு மணி.

"என்னய்யா இருபத்தேழு? இது எத்தனாவது?"

"மூணாவது சார்." அவரே நெஞ்சிலிருந்து அட்டையைக் கழற்றினார். கொக்கி சட்டையில் மாட்டிக்கொண்டது. பொறுமையாக எடுத்துவிட்டு, அட்டையைத் தொடையில் ஒரு தடவை துடைத்து, மேனேஜரிடம் நீட்டினார். "தள்ளுவண்டி செக்ஷனுக்கு இன்னிக்கே போகணுமா, நாளைக்கா?"

மேனேஜர் அதை வாங்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வாங்கினார்.

"அது நான் போட்டது" என்றேன். பக்கத்தில் யாரோ இரும்பு தேய்க்கும் கிரைண்டரை ஓட்டினார்கள். யாருக்கும் கேட்கவில்லை. ஒரு தடவைக்குத் தேவையான தைரியத்தைத்தான் நான் திரட்டி வைத்திருந்தேன். இரண்டாம் தடவை அது இல்லாமலே சொல்ல வேண்டியதாயிற்று.

"அது நான் போட்டது சித்தி!"

கிரைண்டர் நின்றிருந்தது. கொட்டகை முழுவதும் கேட்டது.

"எதுடா?"

"அந்த வட்டம்."

"எதுக்கு?"

"முகம் வரையலாம்னு."

"யாரு முகம்?"

"குறிப்பா யாரும் இல்ல. பொதுவா ஒரு முகம்."

சாக்பீஸை எடுத்து நீட்டினேன். சித்தி வாங்கிக்கொண்டார். இத்தனை பேருக்கு நடுவில் அடிக்கக் கூடாது என்று அவருடைய வலது கை கஷ்டப்பட்டு முடிவெடுப்பதை நேரில் பார்த்தேன். "இவனை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் பாரு" என்றார், என்னிடம் இல்லை, வண்டியிடம். பிறகு என்னிடம், "சாயங்காலம் வீட்டுக்கு வரேன். உங்கம்மா இருக்கட்டும், உங்கப்பா இருக்கட்டும், உங்க வீட்டு நாற்காலிகூட இருக்கட்டும். எல்லாரும் கேட்கட்டும்."

பேராசிரியர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "இந்தப் பையன் எங்க டிபார்ட்மென்ட்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு மேடம்."

மேனேஜருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! காலேஜ் பையன் கிறுக்கினதுக்கா இவ்வளவு? மேடம், துடைச்சு விடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள தண்ணிக்குப் போயிடலாம். இந்தாய்யா உன் அட்டை."

சித்தி துணியை எடுத்தார். இருபத்தேழு அட்டையை வாங்கவில்லை.

"துடைக்காதீங்க மேடம். சோதிச்சுடுங்க."

"எதைய்யா சோதிக்கிறது? அதான் பையன் விளையாட்டுக்குப் போட்டேங்கிறானே!"

"பையன் விளையாடினான் சார். நான் 'ஆமா, இருக்கும்'னு சொன்னேனே, அது விளையாட்டு இல்லையே."

இருபத்தேழு கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"மாச ஆரம்பத்துல ரெண்டு வட்டம் விழுந்துச்சு. கண்ணுதான்னு டாக்டர் சொன்னாரு. சரின்னு இதை மாட்டினேன். மாட்டினதுக்கப்புறம் போட்ட முதல் பெரிய ஜாயின்ட் இது. இதுவும் தப்புன்னா கண்ணு இல்ல சார். கைதான். கை போச்சுன்னா எந்தக் கடையில மாத்தறது?"

"யோவ், யோசிச்சுப் பேசு. சோதிச்சு அங்க விரிசல் இருந்துச்சுன்னா மூணாவது கணக்குல ஏறிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இப்பன்னா துடைச்சாப் போச்சு."

"தெரியும் சார்."

நான் குறுக்கே புகுந்தேன். என்னால் வந்த வினையை என்னோடு முடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. "அண்ணே, வேண்டாம்ணே. நான் போட்டது, நானே அழிச்சுடறேன். நீங்க எதுக்கு..."

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"தம்பி, உள்ள ஏறு."

"எதுக்குண்ணே?"

"ஏறேன்."

பின்கதவு வழியாக ஏறினேன். வெளியே பார்க்கப் பெரியப்பா மாதிரி இருந்த வண்டி, உள்ளே ஓர் அலமாரி அளவுதான் இருந்தது. இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சிப்பாய்களுக்கு நான்கு நான்கு இருக்கைகள். இன்னும் மெத்தை போடவில்லை, வெறும் தகடு. "இடது பக்கம், மூணாவது" என்று அவர் குரல் வந்தது. உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் முழங்கால் இடித்தது. அங்கே ஒருவன் உட்கார்ந்தால் அவன் முழங்காலும் என்னுடையதும் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம். கதவைச் சாத்தினார்கள். கிரைண்டர் சத்தம், சித்தியின் சத்தம், எல்லாம் ஒரே நொடியில் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. என் மூச்சு மட்டும் கேட்டது. யாரோ இன்னொருவர் மூச்சு விடுவது போல.

டொக், டொக் என்று வெளியிலிருந்து அவர் தகட்டைத் தட்டினார். சத்தம் என் மண்டைக்குள்ளேயே விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தேன். பின்மண்டை சில்லென்று தகட்டில் பட்டது. தகட்டோடு வாயை ஒட்டி அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"தட்டற இடத்துல என்ன இருக்கு?"

"என் தலைண்ணே."

"சரியா அங்கயா?"

"சரியா அங்கதான்."

பிறகு மறுபடி குரல்.

"இப்ப சொல்லு. துடைச்சுடட்டுமா?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்று கல்லூரியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்தக் கேள்விக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை.

"வேண்டாம்ணே. பார்த்துடுங்க."

கதவு திறந்தது. இறங்கும்போது ஹெல்மெட்டை உள்ளேயே விட்டுவிட்டு வந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சோதனை பார்க்க எளிது. வட்டக் கோடு கலையாமல் அதற்குள் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். இருபது நிமிடம் கழித்து மேலேயுள்ள சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடரை அடித்தால், ஒளிந்திருந்த சிவப்பு வெளியே ஊறி வரும். முடி அளவு விரிசலானாலும் ரத்தக் கோடு மாதிரி காட்டிக்கொடுத்துவிடும்.

சித்தி சாயத்தை அடித்தார். விதிப்படி இருபத்தேழு இரண்டு கெஜம் தள்ளி நிற்க வேண்டும். தன் ஜாயின்டை அவரே தொடக் கூடாது. ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னிச்சுடுங்கண்ணே."

"வட்டம் நல்லாத்தான் போட்டிருக்க. கோணல் இல்ல."

"டிராயிங்ல நல்ல மார்க்."

"அப்ப கைல ஏதோ இருக்கு. மண்டைலதான் காணோம்." கண்ணாடியைக் கழற்றி ஊதினார். "இதைப் போட்டா என் பொண்ணு சிரிக்கிறா. ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கியாம்."

"உங்களுக்கு நல்லாருக்குண்ணே."

"பொய் சொல்றதுக்கு வேற நேரம் பாரு."

இருபது நிமிடம் ஆனது. சித்தி சாயத்தைத் துடைத்தார். வெள்ளைப் பவுடரை அடித்தார். நாற்பது பேரும் கழுத்தை நீட்டினோம். வெள்ளை மெல்லக் காய்ந்தது. காயக் காய, பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது. பிறகு மிளகளவு ஆனது.

மேனேஜர் உச்சுக்கொட்டினார். குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டான்; அவன் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. இருபத்தேழு எழுந்திருக்கவில்லை. "வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சித்தி பூதக்கண்ணாடியைத் தகட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருங்க," என்றார். "புள்ளியா இருக்கு, கோடா இல்ல. இந்தப் பொட்டுக்கு அடியில சாயம் தங்கியிருக்கு. இது தெறிச்சு விழுந்த பொட்டு, ஜாயின்ட் இல்ல. இதைச் செதுக்கி எடுத்துட்டு முதல்லேர்ந்து பண்ணணும்."

"அண்ணே," என்று அவரைப் பார்த்துச் சொன்னார், "பொட்டைச் செதுக்காம விட்டது சோம்பேறித்தனம். அதுக்குத் திட்டுதான், வட்டம் இல்ல."

"திட்டுங்க மேடம்."

"அப்புறம் திட்டறேன். இப்ப நேரமில்ல."

சித்தியே உளியை எடுத்து என் மூக்கைச் செதுக்கி எறிந்தார். மறுபடி துடைப்பு, மறுபடி சாயம், மறுபடி இருபது நிமிடம். எங்கேயோ மணி அடித்தது. பன்னிரண்டு. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிரேன்காரரைப் பார்த்தார். பிறகு கடிகாரம் இருந்த கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "நிதானமா பண்ணுங்க மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டுக் கிரேன்காரர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வெள்ளை அடித்ததும் இருபத்தேழு வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, நீ போய்ப் பாரு. பார்த்து எனக்குச் சொல்லு."

"சித்தி சொல்வாங்கண்ணே."

"அவங்க விதிப்படி பத்து நிமிஷம் கழிச்சுத்தான் சொல்வாங்க. நீ இப்பவே பாரு."

போனேன். வட்டத்துக்கு நேராக முகத்தை வைத்தேன். பவுடர் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஈரம் போகப் போக வெளுத்துக்கொண்டே வந்தது. மீன் செதில் ஒவ்வொன்றாக எண்ணினேன். கண்ணை இமைத்தால் அந்த நேரத்தில் சிவப்பு வந்துவிடுமோ என்று இமைக்காமல் இருந்தேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எல்லாமே சிவப்பாகத் தெரிவது போல இருந்தது. துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினேன்.

"வெள்ளையா இருக்குண்ணே."

"நிழல் விழாம பாரு."

தள்ளி நின்று பார்த்தேன். சித்தி டார்ச்சை என் கையில் கொடுத்தார். அடித்துப் பார்த்தேன்.

"வெள்ளைதான்ணே."

"பொட்டு இருந்த இடம்?"

"அதுவும்."

"கை தயங்குச்சுன்னு சொன்னேனே, வட்டத்துல நடு இடம்?"

"அங்க எல்லா இடத்தையும் விட வெள்ளையா இருக்குண்ணே."

பத்து நிமிடம் முழுசாக முடியும்வரை சித்தி வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும், "ஜாயின்ட் நல்லாருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, வட்டத்தைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார். கிரேன் கொக்கி இறங்கத் தொடங்கியது. மேனேஜர் ஓடிவந்து அட்டையை நீட்டினார்.

இருபத்தேழு வாங்குவதற்காகக் கையுறையைக் கழற்றினார். விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. அட்டையின் கொக்கியைச் சட்டையில் மாட்ட இரண்டு தடவை முயன்றார், முடியவில்லை. நான் மாட்டிவிட்டேன். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம், வேறு யாருடையதோ போல, கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இப்ப ஆடட்டும்," என்றார். "இப்ப ஆடினா பரவாயில்ல."